ஆட்டுத் தலை ஆறும் வரை

1

இந்தக் கதை ஒரு ஒற்றைச் செருப்பிலிருந்து பிறந்தது என்று சொல்லத்தான் எனக்கு ஆசை. எங்கள் மாவட்ட நிர்வாகியை, அதாவது அக்கிமை, ஜனங்கள் விரட்டியபோது அவர் பின்பக்க ஜன்னல் வழியாகக் குதித்து ஓடினார். இடது கால் செருப்பு பூந்தொட்டியில் தங்கிவிட்டது. நல்ல தொடக்கம்தான், ஆனால் பொய். (செருப்பு நிஜம். கதை அதிலிருந்து வந்தது என்பதுதான் பொய்.)

கதை வந்தது ஓர் ஆட்டுத் தலையிலிருந்து. ஒரு விருந்தில் அந்தத் தட்டு ஆள் ஆளாகத் தள்ளப்படுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன், சிரிப்பு வந்தது, வீட்டுக்கு வந்து பேனாவைத் தேடினேன். கதை எழுத எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அதனால் எதையெல்லாம் மறைக்க வேண்டும் என்பதும் தெரியாது. நீங்கள் எல்லாவற்றையும் பார்க்கப் போகிறீர்கள், கண்ணுகளா.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"வரலாற்றின் சக்கரம் அன்று காலை எங்கள் ஊரில்

[விட்டுவிட்டேன். எங்கள் தலாஸ் பள்ளத்தாக்கில் எங்களுக்குத் தெரிந்த சக்கரம் ஒன்றுதான், வாய்க்கால் மதகைத் தூக்கும் இரும்புச் சக்கரம். அதற்கே நேராகப் போகிறேன்.]

2

உல்கான் ஒரு பீன்ஸ் வயல்காரி. விதைப்பதற்கு முன் நிலத்தை ஒரு தடவை நன்றாக நனைக்க வேண்டும். வாய்க்காலில் அவளுக்கு முறை அன்றைக்குத்தான். அது தவறினால் அடுத்த முறை வருவதற்குள் விதைப்புக் காலமே போய்விடும். அந்த வருஷம் அவள் வீட்டில் தின்ன, விற்க ஒன்றும் இருக்காது.

காலையில் மதகுக்குப் போனாள். மதகுக்காரன் எஸென், அக்கிம் வாயால் சொன்னால்தான் சக்கரத்தைச் சுற்றுவான். சரியென்று அக்கிம் அலுவலகத்துக்கு வந்தாள். அங்கே புரட்சி நடந்துகொண்டிருந்தது.

[பாத்திரம் கழுவும்போது தோன்றிய அடிக்குறிப்பு: அவளும் ஒரு கல் எறிந்தாளா? எறிந்தாள் என்றுதான் முதலில் எழுதினேன். வீரமாக இருந்தது. ஆனால் உல்கானுக்குக் குறி தவறாது. ஜன்னல் உடைந்திருக்கும், அக்கிமுக்குக் குதிக்க வசதியாகப் போயிருக்கும். அதனால் கல்லைக் கீழே போட வைத்தேன்.]

மதியத்துக்குள் எல்லாம் முடிந்தது. ஜனங்கள் ஜெயித்துவிட்டார்கள், கூடவே பசியும் வந்துவிட்டது. பக்கத்து வீடு உல்கானுடையது, முற்றத்தில் ஓர் ஆடு நின்றது. கேட்டார்கள், கொடுத்தாள். சீக்கிரம் சாப்பிட்டால் சீக்கிரம் ஓர் அக்கிமைத் தேர்ந்தெடுப்பார்கள் என்பது அவள் கணக்கு.

3

எங்கள் விருந்தில் ஒவ்வொரு எலும்புக்கும் ஒரு மரியாதை உண்டு. தலை, இருப்பதிலேயே பெரியவருக்கு. வாங்கியவர் முழுதையும் தின்றுவிட முடியாது. கொஞ்சம் அறுத்துப் பக்கத்தில் கொடுத்துத் தட்டை நகர்த்த வேண்டும். எனவே கறியை வெட்டிய கப்பார் கிழவர், தலையை யார் வாங்குகிறாரோ அவரே அக்கிம் என்று சொன்னதும் எல்லோருக்கும் அது நியாயமாகவே பட்டது.

தட்டு முதலில் துய்ஷெனிடம் போனது. பெட்ரோல் பங்க் முதலாளி. காலையிலிருந்து அக்கிமின் நாற்காலியைச் சுற்றிச் சுற்றி வந்தவர்.

"எனக்கெதுக்குங்க தல. என்னவிட மூத்தவங்க இருக்காங்க" என்றார்.

கப்பார் வற்புறுத்தினார். துய்ஷென் மறுபடியும் மறுத்தார். இரண்டு தடவை மறுத்து மூன்றாவது தடவை வாங்குவதுதானே மரியாதை. மூன்றாவதற்குத் தயாராகக் கையைக்கூட நீட்டிவிட்டார்.

அப்போதுதான் உடற்பயிற்சி வாத்தியார் ஜூமாலி வாயைத் திறந்தார்.

"விட்டுடுங்க பெரியவரே. மனுஷன் ரெண்டு தடவ வேணாங்கிறாரு. யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாதுன்னுதான இவ்ளோ கல்லு எறிஞ்சோம்."

கூட்டம் கை தட்டியது. துய்ஷெனின் கை காற்றில் அப்படியே நின்றது.

தட்டு ஜூமாலியிடம் வந்தது. பாவம், பழக்கதோஷம், அவரும் இரண்டு தடவை மறுத்தார். துய்ஷென் இதற்காகவே காத்திருந்தவர் போல, "சாருக்கு இஷ்டமில்ல. அது அவரோட உரிமை" என்று சொல்லித் தட்டைத் தள்ளினார்.

அப்புறம் என்ன, முற்றம் முழுக்கத் தட்டு ஊர்ந்தது. எல்லோருக்கும் அது வேண்டும், எல்லோரும் இரண்டு தடவை மறுத்தார்கள், மூன்றாவது தடவை கேட்கும் பழக்கம் மட்டும் அன்று காலையோடு ஒழிந்துபோயிருந்தது. வெட்டியவனே எடுத்துக்கொள்வது முறையில்லை என்று கப்பாரும் ஒதுங்கிக்கொண்டார். எஸென் ஓரமாக உட்கார்ந்திருந்தான். யாரை வேண்டுமானாலும் அக்கிமாக்கிக்கொள்ளுங்கள், நான் சூப் குடித்துக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லிவிட்டான்.

4

இங்கே ஒரு கட்டுரை எழுதலாமென்று பார்த்தேன்:

"மக்களாட்சி என்பது மக்களின் சம்மதத்தால்

[போதும். சம்மதம் என்ன பாடுபடுகிறது என்று மேலே பார்த்துவிட்டீர்களே.]

அதைவிடப் பெரிய சந்தேகம் உல்கான் மேல்தான். அடுத்து அவள் செய்யப்போவதை ஒரு பெண் எங்கள் ஊரில் செய்வாளா? மூன்று நாள் அவளை அடுப்படியிலேயே நிற்க வைத்தேன். கரண்டியோடு என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். கடைசியில் தட்டை அவள் பக்கம் நகர்த்தினேன்.

5

"குடுங்க" என்றாள்.

கப்பார் கத்தியைக் கீழே வைத்தார். "ஒரு தடவகூட மறுக்கலையேம்மா."

"ஆடு என்னோடது. நெலம் காஞ்சு கெடக்கு. மறுக்க நேரமில்ல."

"மதினி, பொம்பளைங்களுக்கு வால் எலும்புதான் வழக்கம்" என்றார் துய்ஷென்.

"அத நீங்க எடுத்துக்கங்க கொழுந்தனாரே. ஒங்க கை ரொம்ப நேரமா சும்மா நிக்குது."

சிரிப்பு அடங்கியதும் எஸென் கிண்ணத்தைக் கீழே வைத்தான். அவனுக்கு உண்மையான பயம் ஒன்று இருந்தது. "தல ஒங்க கையில இருக்கு, சரிதான்க்கா. நாளைக்கி எவனாச்சும் வந்து, எவ சொல்லித் தொறந்தேன்னு கேட்டா?"

உல்கான் யோசித்தாள். (நானும் யோசித்தேன். எனக்கு முன்னால் அவளுக்குத் தோன்றிவிட்டது.)

"இந்தத் தல ஆறுறவரைக்கும்தான் நான் அக்கிம். அப்புறம் சமையக்காரி. தண்ணி மொறப்படி இன்னைக்கி எனக்கு, நாளைக்கி துய்ஷென் வயலுக்கு. அதுக்கு மேல ஒரு வார்த்த சொன்னேன்னா தட்டப் புடுங்கிக்கங்க."

நாளைக்குத் தன் வயல் என்று காதில் விழுந்ததும் துய்ஷெனுக்குச் சட்ட அறிவு பிறந்துவிட்டது. மதினி சொல்வது முற்றிலும் சரி என்றார். சம்மதிப்பவர்கள் கை தூக்கச் சொன்னார் கப்பார். துய்ஷென் கை ஏற்கெனவே தூக்கியபடிதான் இருந்தது. அதுதான் முதல் ஓட்டு. பிறகு முற்றமே கை தூக்கியது.

எஸென் ஓடினான். தூரத்தில் சக்கரம் கிரீச்சென்று கத்தியது. உல்கான் ஒரு காதை அறுத்து, இனியாவது கேட்டுப் பழகட்டும் என்று ஜூமாலிக்குக் கொடுத்தாள். அப்புறம் ஊரே அக்கிமானது. தட்டு கைக்கு வந்தவர் ஒரே ஓர் உத்தரவு போடலாம். அக்கிமின் தோட்டத்தில் பிள்ளைகள் பந்து விளையாடலாம் என்றார் ஜூமாலி. நாற்காலியைத் தூக்கி முற்றத்தில் போடுங்கள், முழங்கால் வலிக்கிறவர்கள் உட்காரட்டும் என்றார் கப்பார். நான் பார்த்த அரசாங்கங்களிலேயே அதிகம் சிரித்த அரசாங்கம் அது.

6

அப்போது சாலையில் தூசி தெரிந்தது. தலைநகரத்திலிருந்து ஒரு கார், உள்ளே நியமன உத்தரவோடு புது அக்கிம். எல்லாம், மதகு உட்பட, நின்ற இடத்தில் நிற்கட்டும் என்று அவர் போனில் சொல்லிவிட்டாராம். தண்ணீரும் கிளம்பிவிட்டது. ஆனால் காய்ந்த வாய்க்கால் வழியெல்லாம் குடித்துக்கொண்டே விடும், தண்ணீர் மெதுவாகத்தான் நகரும்.

முடிவு ஒன்று: கார் முந்துகிறது, மதகை மூடுகிறார்கள். எழுதினேன். பேனா ஒத்துழைத்தது, நான் ஒத்துழைக்கவில்லை.

முடிவு இரண்டு: தண்ணீர் முந்துகிறது, புது அக்கிம் உல்கானின் கையைக் குலுக்கி [தேநீரில் இவ்வளவு சர்க்கரை போட்டால் நீங்கள் குடிப்பீர்களா?]

முடிவு மூன்று: வாய்க்கால் சாலையில் வழிந்து கார் சேற்றில் சிக்குகிறது. புது அக்கிம் இறங்கி நடக்கிறார், ஒரு செருப்பு சேற்றோடு போகிறது. அதுவும் இடது கால். இதை எழுதிவிட்டு நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரி வந்து பார்த்தாள். ஆனாலும் சேறு ஆளை நிறுத்தலாம், அவர் கையிலிருக்கும் உத்தரவை நிறுத்துமா?

7

ஆகவே இப்படி விடுகிறேன். எஸென் சக்கரத்தில் கை வைத்தபடி திரும்பிப் பார்க்கிறான். உல்கான் வயல் வரப்பில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு நிற்கிறாள். மண் இன்னும் காய்ந்துதான் இருக்கிறது.

தட்டு சுற்றி முடிந்து என் கைக்கு வந்திருக்கிறது. என் உத்தரவைப் போட்டுவிட்டேன், இந்தக் கதைதான் அது. இனி இதை வைத்துக்கொள்ள எனக்கு உரிமையில்லை. இன்னொரு காது மிச்சமிருக்கிறது. தொட்டுப் பாருங்கள், சூடு இருக்கிறது. மதகைத் திறந்தே வைக்கவா என்று எஸென் கேட்பது உங்களைத்தான்.

எங்கள் பக்கத்து மரியாதைப்படி நீங்கள் மறுப்பீர்கள், தெரியும். ஒரு தடவை வற்புறுத்துகிறேன்.

எடுத்துக்க கண்ணு.

இன்னொரு தடவை கேட்க மாட்டேன். தண்ணீர் காத்திருக்காது.