ஜனுஷன் பங்கு

மாலை போடுவது என்னவோ சிவஞானம்தான். ஆனால் அந்த மாலைக்காக இடுப்பு ஒடிவது அவர் பெண்சாதி வடிவம்மாவுக்கு. கார்த்திகை முதலாம் திகதி அவர் பாட்டுக்குக் குளித்துவிட்டு, கறுப்பு வேட்டி கட்டி, துளசிமணி மாலையைப் போட்டு ஐயப்பசாமி ஆகிவிடுவார். அதற்கு முன்னால் வீட்டில் கறி, மீன், முட்டை எதுவும் ஒரு பொட்டுக்கூட இருக்கக் கூடாது. கறிச்சட்டியைக் கட்டித் தூக்கிப் போட வேண்டும், மரக்கறிச் சட்டியை இறக்க வேண்டும், தரை சுவர் எல்லாம் கழுவ வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, பிரிஜ்ஜைக் காலி பண்ண வேண்டும்.

அந்தப் பிரிஜ் லுணுகலையில் இருக்கும் அவள் தங்கச்சி புதிது வாங்கியபோது தள்ளிவிட்டது. ஸ்பிரிங்வெளிப் பக்கத்தில் அவர்கள் இருக்கும் பத்துக் காம்பரா வீடுகள் வரிசையாக ஒட்டிய தோட்டத்து லயத்தில் உருப்படியாக ஓடுகிற பிரிஜ் அது ஒன்றுதான். அதனால் பக்கத்துக் காம்பரா நல்லம்மாவின் மீன், கடைசிக் காம்பராக்காரர்களின் கோழி என்று ஊரார் சாமான் பாதி மேலே பிரீசரில் கிடக்கும். "என் பிரிஜ்ல என் சாமானுக்கு எடமில்ல" என்று வடிவம்மா முணுமுணுப்பாள். யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. அவளும் யாரையும் வேண்டாம் என்று சொன்னதில்லை.

மற்ற வருஷமெல்லாம் இது பெரிய வேலையாக இருக்காது. தீபாவளி முடிந்த கையோடு கந்தசஷ்டி வந்துவிடும். விரதத்தோடு கறியை நிறுத்திவிடுவாள். மிச்சம் மீதியை லயத்தில் கொடுத்துவிட்டு, பிரிஜ்ஜைக் கழுவித் துடைத்துத் திறந்து போட்டுவிடுவாள். இந்த வருஷம் அப்படிச் செய்ய மனசு வரவில்லை. காரணம் பிரீசரின் அடியில் இருந்த ஐஸ்கிரீம் டப்பா.

தீபாவளிக்கு லயத்தில் ஏழு வீடு சேர்ந்து ஆடு வாங்குவார்கள். விடிய முன்னமே வெட்டி, வாழையிலையில் கூறு வைப்பார்கள். எந்தக் கூறு யாருக்கு என்று சண்டை வரக் கூடாதே! அதனால் ஒருத்தர் கூறைத் தொட்டு "இது யாருக்கு?" என்று கேட்பார். முதுகைக் காட்டி நிற்கிற இன்னொருத்தர் ஒரு பெயரைச் சொல்வார். யார் பெயர் வருகிறதோ அவர் பங்கு அது. இந்த முறை வடிவம்மா புருஷன் பெயரோடு மகன் பெயரையும் கொடுத்திருந்தாள். "ஜனுஷன்" என்று அந்த ஆள் கூப்பிட்டபோது அவள் திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். ஆறு மாதமாக அந்த வீட்டில் சிவஞானம் இருக்கும்போது யாரும் சொல்லாத பெயர் அது. சிவஞானம் கத்தியைக் கழுவிக்கொண்டே நின்றார். நெஞ்செலும்பும் ஈரலும் சேர்ந்த நல்ல கூறு அது. வடிவம்மா அதை டப்பாவில் போட்டு மூடிப் பிரீசரின் அடியில் வைத்தாள்.

ஆறு மாதத்துக்கு முன்னால் நடந்தது இதுதான். சிவஞானம் தேயிலை பெக்டரியில் இருபத்தைந்து வருஷமாக மெசினோடு கிடக்கிறவர். மகனாவது நாற்காலியில் உட்காரட்டும் என்று, தோட்டத்து ஆபீசில் ஒரு வேலைக்காக யார் யார் வாசலிலோ போய் நின்றார். கைகட்டி நின்றே பழகாத மனுசன், நின்றார். வேலையும் கிடைத்தது. ஜனுஷன் வேண்டாம் என்றுவிட்டான். கொழும்பில் துணிக்கடையில் சேர்ந்துகொள்கிறேன், தோட்டம் எனக்குச் சரிவராது என்றான். "போ. போனா இந்தப் படி ஏறாத" என்றார் சிவஞானம். அவனும் அப்பனுக்குப் பிறந்தவன்தானே, போய்விட்டான்.

தீபாவளிக்கு லீவு கேட்டால் துணிக்கடையில் கொடுப்பார்களா? அம்மா போனில் கூப்பிட்டபோது, அடுத்த கிழமை வாரேன் என்றான். அடுத்த கிழமை, அதற்கடுத்த கிழமை என்றான். டப்பாவின் மேல் ஐஸ் ஏறிக்கொண்டே போனது.

மாலைக்குப் பதினொரு நாள் இருக்கும்போது வடிவம்மா விழித்துக்கொண்டாள். இவ்வளவையும் எப்படித் தின்று தீர்ப்பது? இரண்டு கோழி, ஒரு பேக் சூரை மீன், சிவஞானம் பங்கில் மிஞ்சிய எலும்பு, கடைசியில் அந்த டப்பா. செவ்வாய் வெள்ளி கறி ஆகாது. டப்பா ஞாயிற்றுக்கிழமை வரைக்கும், மாலைக்கு முதல் நாள் வரைக்கும், இருக்க வேண்டும். அவன் எப்போது வந்தாலும் இருக்க வேண்டும். மற்றதையெல்லாம் அதற்கு முன்னால் ஒவ்வொன்றாக இறக்க வேண்டும்.

காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு, மலையில் ஏறி, கொழுந்து பறிக்கிற நேரமெல்லாம் இதே யோசனை. மழை விட்டு விட்டுப் பெய்தது. அட்டை காலில் ஏறியது. வடிவம்மாவின் வாய் தானாக முணுமுணுத்தது.

"என்னா வடிவு, மந்திரமா ஓதுற?" என்றாள் அடுத்த நிரையில் நின்ற நல்லம்மா.

"மந்திரந்தான். இன்னைக்குக் கோழி, நாளைக்குப் பருப்பு, நாளன்னைக்கு மீனு. ஒன் மீனையும் வந்து எடுத்துட்டுப் போயிரு, ஆமா."

"அடியேய், மாலை போடப்போற வீட்டுலதான் இப்ப தெனம் கறி வாசம். லயமே மூக்கப் புடிச்சிக்கிட்டு அலையுது. பேசாம அந்த டப்பாவக் கொண்டுபோய் ஒன் தங்கச்சி வீட்டுல வச்சிட்டா என்ன?"

"எம்புள்ள வந்தா லுணுகலைக்கா போய்ச் சாப்புடுவான்?"

நல்லம்மா அடுத்த செடிக்கு நகர்ந்தாள்.

சாயந்திரம் கொழுந்தைத் தராசில் நிறுத்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வரும்போது வடிவம்மாவுக்குக் கால் இரண்டும் மரத்துப்போயிருக்கும். வந்ததும் வராததுமாகப் பிரீசரைத் திறந்து, ஐஸில் ஒட்டிய பேக்கைக் கரண்டிக் காம்பால் நெம்பி, தண்ணீரில் போட்டு இளக வைப்பாள். அது இளகும்வரை உட்காரலாம் என்றால் அரிசி களைய வேண்டும். பள்ளிக்கூடம் போகிற மகள் விதுர்ஷா தேங்காய் துருவிக் கொடுப்பாள், அதுவும் முகத்தைச் சுளித்துக்கொண்டு. "மறுபடியும் மீனா? எனக்கு நாக்கு செத்துப் போச்சும்மா." எனக்கு உடம்பே செத்துப் போச்சு என்று வடிவம்மா மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

புதன்கிழமை எலும்புக் குழம்பு வைக்க வேண்டிய நாள். வடிவம்மா முகம் கழுவிக்கொண்டிருக்கும்போது விதுர்ஷா கைக்கு அகப்பட்டதென்று ஐஸ்கிரீம் டப்பாவைத் தூக்கித் தண்ணீரில் போடப் போனாள்.

"அத எதுக்கு எடுக்குற?" என்று கேட்டது சிவஞானம். அவர் மூலையில் உட்கார்ந்து பெக்டரிக்குப் போட்டுப்போகிற சப்பாத்துக்கு நூல் கோத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அது அப்பிடியே இருக்கட்டும். வேற எதையாச்சும் ஆக்குங்க."

வடிவம்மா ஈரக் கையோடு நின்றுவிட்டாள். டப்பாவில் என்ன இருக்கிறது என்று இந்த மனுசனுக்குத் தெரியும்! இத்தனை நாளும் தெரிந்துதான் இருந்திருக்கிறது. அவளுக்கு ஒரு பக்கம் அழுகை வந்தது, ஒரு பக்கம் ஆத்திரம் வந்தது. வாயைத் திறந்து ஒரு வார்த்தை கொழும்புக்குச் சொல்லியிருந்தால் அந்தப் பிள்ளை ஓடி வந்திருக்காதா? எலும்பை எடுத்து அடுப்பில் வைத்தாள்.

வியாழக்கிழமை விதுர்ஷாவின் போனுக்கு ஜனுஷன் பேசினான். "அம்மா, ஞாயித்துக்கிழம பகல் சாப்பாட்டுக்கு வந்துருவேன். நெசமாத்தான். அப்பாகிட்ட சொல்லிராதீங்க, வாசல்ல நின்னு பேசிட்டாவது போறேன்."

"வாசல்ல ஏன்யா நிக்கணும்? உள்ள வந்து சாப்புட்டுத்தான் போகணும். அப்பா ஒண்ணும் சொல்ல மாட்டாரு." சொல்லிவிட்டாளே ஒழிய, அவளுக்கே நம்பிக்கை இல்லை. மறுநாள் மாலை போடப்போகிறவர் வாசலில் வைத்து மகனை ஏதாவது சொல்லிவிட்டால்? அவன் இன்னொரு தடவை போனால் திரும்பி வரவே மாட்டான். அது அவளுக்கு நிச்சயமாகத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை பிரீசரில் டப்பாவையும், அவித்து வைத்த பிஞ்சுப் பலாக்காய்ப் பேக் ஒன்றையும் தவிர ஒன்றும் இல்லை. அப்பாடா! காலை வெளிச்சத்திலேயே டப்பாவை எடுத்து இளக வைத்தாள். மிளகு சீரகம் வறுத்து அம்மியில் அரைத்தாள். இஞ்சி, பூடு, ரம்பை இலை, கருவேப்பிலை எதிலும் குறை வைக்கவில்லை. ஈரலைத் தனியாக வதக்கினாள். பதினொன்றரைக்குக் கறி கொதித்து லயம் பூராவும் மணந்தது. சிவஞானம் வெளியே முடி வெட்டிக்கொண்டு வந்து, மூக்கை உறிஞ்சி, வாசல் கல்லில் உட்கார்ந்தார். பாதையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பகல் ஒரு மணிக்கு விதுர்ஷா கத்தினாள். "அம்மா, அண்ணன்!"

வடிவம்மா கரண்டியோடு கதவுக்கு ஓடினாள். ஜனுஷன் படிக்கட்டில் ஏறி வந்துகொண்டிருந்தான். மெலிந்திருந்தான். தாடி விட்டிருந்தான். இடுப்பில் கறுப்பு வேட்டி, நெற்றியில் சந்தனம், கழுத்தில் துளசிமணி மாலை. கால் வெறுங்கால்.

சிவஞானம் எழுந்துவிட்டார். பெற்ற மகன் என்றாலும் மாலை போட்டுவிட்டால் அவன் சாமி. பத்து வருஷமாகச் சபரிமலைக்குப் போகிறவருக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்பனும் மகனும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். ஜனுஷன் சட்டென்று குனிந்து அவர் காலைத் தொட்டான்.

"சனிக்கிழம நல்ல நாள்னு நேத்தே கடப் பொடியன்களோட சேந்து மாலை போட்டுட்டேன்ப்பா. அம்மா அப்பா கால்ல விழுந்துட்டு வான்னு குருசாமி சொன்னாரு."

சிவஞானம் இரண்டு கையையும் கூப்பினார். "சாமி சரணம்" என்றார். "வெயில்ல நிக்காதீங்க சாமி. உள்ள வாங்க."

ஆறு மாதமாக வடிவம்மா எந்த வார்த்தைக்காகத் தவம் கிடந்தாளோ, அந்த வார்த்தை. ஜனுஷன் வாசல்படியில் காலைத் தூக்கி வைத்தான்.

"வேணாம்! உள்ள வராதீங்க!" என்று வடிவம்மா அலறினாள்.

மூன்று பேரும் அவளைப் பார்த்தார்கள். அவள் கையில் கறிக் கரண்டி இருந்தது. உள்ளே ஆட்டுக்கறி கொதித்துக்கொண்டிருந்தது. ஜனுஷனுக்கு அப்போதுதான் வாசம் தெரிந்தது போலிருக்கிறது, காலைப் பின்னுக்கு இழுத்தான்.

"அப்பா மாலை போடுற வீடு, சஷ்டியோட எல்லாத்தையும் நிப்பாட்டிருப்பீங்கன்னு நெனச்சேன்மா. வருஷா வருஷம் அப்பிடித்தானே?"

வருஷா வருஷம் அப்படித்தான். வடிவம்மா விதுர்ஷாவைக் கூப்பிட்டு, கறிச்சட்டியை அப்படியே துணியில் பிடித்து நல்லம்மா வீட்டுக்குக் கொடுத்தனுப்பினாள். அந்தக் கறிக்கு அவள் இன்னும் உப்புக்கூடப் பார்க்கவில்லை. பிறகு தண்ணீர் எடுத்து வந்து அடுப்படியைக் கழுவினாள், தரையைக் கழுவினாள், அம்மியைத் தேய்த்தாள், பிரிஜ்ஜை உள்ளும் புறமும் துடைத்தாள், மஞ்சள் தண்ணீர் தெளித்தாள், தலையில் தண்ணீர் ஊற்றிக் குளித்தாள். நாளைக்கு விடியச் செய்ய இருந்த வேலையெல்லாம் ஒரே மூச்சில். கை ஓய்ந்தபோது ஒருதரம் சுவரில் சாய்ந்து நின்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். வெளியே கல்லில் உட்கார்ந்து அப்பனும் மகனும் பேசிக்கொண்டிருந்தார்கள். கடை எத்தனை மணிக்குத் திறப்பார்கள், தங்குகிற இடத்தில் தண்ணீர் வசதி எப்படி என்று சிவஞானம் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் இவ்வளவு பேசி அவள் கேட்டு நாளாகிறது.

மூன்றரை மணிக்கு மரக்கறிச் சட்டியில் பலாக்காயும் பருப்பும் வெந்தன. இலை போட்டு ஜனுஷனை உட்கார வைத்தாள். பக்கத்தில் சிவஞானத்தையும் உட்கார வைத்தாள். அந்தப் பலாக்காயை அவன் நல்ல பசியோடு அள்ளி அள்ளிச் சாப்பிட்டான். அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"கறி யாருக்கும்மா வச்சிருந்தீங்க?" என்று கேட்டான். "யாரும் விருந்தாளி வாரதா இருந்துச்சா?"

"யாருமில்ல சாமி. பிரிஜ்ஜக் கழுவணும்ல, கெடந்தத ஆக்கினேன்."

"சாமிகிட்ட பொய் சொல்லாத வடிவு" என்றார் சிவஞானம். இலையைப் பார்த்தபடியே சொன்னார். "ஒங்க பங்குதான் சாமி. தீவாளிக்கு ஒங்க பேர்ல கூறு எடுத்தோம். ஒங்கம்மா ஒரு மாசமா அதக் காத்துக்கிட்டுக் கெடந்தா." கொஞ்சம் நிறுத்தினார். "நானுந்தான்."

ஜனுஷனின் கை சோற்றில் அப்படியே நின்றுவிட்டது. தலை குனிந்துகொண்டான், நிமிரவே இல்லை. வடிவம்மா குனிந்து அவன் இலையில் இன்னும் ஒரு கரண்டி சோறு போட்டாள்.