தாத்தாவைத் தேடும் தாத்தா

1

இந்தக் கதை என் அப்பாவின் மீசையிலிருந்து வந்தது. மனித உறவுகளைப் பற்றி ஆழமாக யோசித்துக்கொண்டிருந்தபோது உதித்தது என்று சொல்லிக்கொள்ள எனக்கும் ஆசைதான். உண்மையில் விடுமுறைக்குக் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு அப்பா அம்மா வீட்டுக்குப் போனேன். அங்கே மீசை இல்லை, கதை இருந்தது. எழுத உட்கார்ந்துவிட்டேன். முடிவு மட்டும் கைக்கு வரவில்லை. அதற்கு உங்கள் உதவி தேவைப்படும், பக்கத்திலேயே இருங்கள்.

2

தொடக்கம் ஒன்று: விடியலின் மெல்லிய வெளிச்சத்தில் எங்கள் கார் அந்த நீண்ட—

[பொய். நாங்கள் கிளம்பியபோது வெயில் மண்டையைப் பிளந்தது. காலையிலிருந்து சின்னவளின் ஒரு செருப்பைக் காணவில்லை. அதைக் கண்டுபிடித்தபோது இன்னொன்றைக் காணவில்லை.]

தொடக்கம் இரண்டு: பயணம் என்பது மனிதன் தன்னைத் தானே—

[இதைப் படித்துவிட்டு என் கணவர், "உனக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். விட்டுவிட்டேன்.]

தொடக்கம் மூன்று: பின்சீட்டிலிருந்து மூன்று வயதுச் சின்னவள், "தாத்தா மீசையத் தொடலாமா?" என்று கேட்டாள். தொடலாம் என்றேன். "இழுக்கலாமா?" "மெதுவா." பக்கத்தில் ஆறு வயதுப் பெரியவன், "அம்மா, எனக்கு வாந்தி வருது" என்றான்.

இதுவே இருக்கட்டும். இதில் என் கற்பனை எதுவும் இல்லை, அதனால்தான் நன்றாக இருக்கிறது.

3

கொஞ்சம் பின்னால் போக வேண்டும். (பின்கதை வந்தால் வாசகர்கள் எழுந்து தண்ணீர் குடிக்கப் போவார்கள் என்று தெரியும். சுருக்கமாகச் சொல்கிறேன்.)

அப்பா லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவர் முகத்தில் அடர்த்தியான மீசை உண்டு. போன தடவை நாங்கள் போனபோது, கைக்குழந்தையாக இருந்த சின்னவள் அதைப் பார்த்து வீடே இடிந்துவிழுகிற மாதிரி அழுதாள். தூக்க வந்தால் அழுகை, பக்கத்தில் உட்கார்ந்தால் அழுகை. கடைசியில் அவள் இருக்கும் அறைக்குள் அப்பா செய்தித்தாளை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டுதான் நடமாடினார். இரண்டு தடவை நாற்காலியில் இடித்துக்கொண்டார். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம், அவரும் சிரித்தார். ஆனால் கிளம்பும் நேரத்தில் கார் ஜன்னல் பக்கம் குனிந்து, "அடுத்த தடவையாவது எங்கிட்ட வருவாளாம்மா?" என்று கேட்டார்.

அதனால் ஒரு திட்டம் போட்டேன். மீசையோடு அவர் இருக்கும் படத்தைப் பெரிதாக்கி எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். சின்னவள் முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு ஓரக்கண்ணால் பார்த்தாள். பிறகு படத்துக்கு பிஸ்கட் ஊட்டினாள். ஊருக்குக் கிளம்புகிற சமயத்தில் அவளுக்கு மீசைப் பைத்தியமே பிடித்திருந்தது. பொம்மைக்கு, பால் டம்ளருக்கு, தூங்கிக்கொண்டிருந்த அவள் அப்பாவுக்கு, எல்லாவற்றுக்கும் ஸ்கெட்ச் பேனாவில் மீசை. அப்பாவிடம் நான் மூச்சுவிடவில்லை. நேரில் அசத்திவிடலாம் என்று இருந்தேன்.*

[அசத்த வேண்டும் என்ற ஆசை எங்கள் குடும்ப வியாதி. அது எனக்கு யாரிடமிருந்து வந்தது என்று யோசித்திருக்க வேண்டும்.]

* வீடியோ கால் இல்லையா என்று கேட்பீர்கள். அப்பா வீடியோ காலிலும் ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டுதான் பேசுவார். அவருடைய காது எங்கள் எல்லோருக்கும் நல்ல பழக்கம்.

4

இதுவரை படித்த என் கணவர், "மாமாவ ரொம்ப நல்லவராக் காட்டுற. கொஞ்சம் குறை வை" என்றார். சரி. வழி நெடுக அப்பா ஃபோன் செய்து, "மாப்பிள்ளைய மெதுவா ஓட்டச் சொல்லு" என்றார். மெதுவாக ஓட்டியதும், "இன்னுமா வந்து சேரல?" என்றார். சேர்த்துவிட்டேன். கணவருக்குப் பரம திருப்தி.

5

கதவைத் திறந்தவரை எனக்கு அடையாளம் தெரியவில்லை. வீடு மாறி மணி அடித்துவிட்டோமோ என்று நினைத்தேன். சட்டை அப்பாவுடையது, கண்ணாடி அப்பாவுடையது. மூக்குக்குக் கீழே மட்டும் வெயிலே படாத வெள்ளை. அவருக்குப் பின்னால் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

"நேத்துதான் எடுத்தாரு. பாத்ரூம்லேர்ந்து எவனோ வர்றான்னு நான் தொடப்பத்தத் தூக்கிட்டேன்."

"பாப்பா பயப்படக் கூடாதில்ல" என்றார் அப்பா. சொல்லிக்கொண்டே சின்னவளைப் பார்த்துக் கைகளை நீட்டினார்.

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "தாத்தா எங்க?"

"இவர்தாண்டி தாத்தா" என்றேன்.

"இல்ல." கோபமில்லை, அழுகையில்லை, முடிவாகச் சொல்லிவிட்டாள். பெரியவன், "தாத்தா, உங்களுக்கு மேலயும் ஒரு உதடு இருக்கா?" என்று கேட்டு வைத்தான்.

சின்னவள் அப்பாவைத் தாண்டி உள்ளே போனாள். நேராகச் சமையலறைக்குப் போய் ஃபிரிட்ஜைப் பார்த்தாள். அங்கே வெறும் கதவுதான் இருந்தது. அப்போதுதான் அவள் உதடு பிதுங்கியது.

அப்பாவிடம் படத்தைப் பற்றிச் சொன்னேன். அவர் கை தானாக மேலுதட்டுக்குப் போய், ஒன்றும் கிடைக்காமல் திரும்பியது. அழுவதா சிரிப்பதா என்று எனக்குத் தெரியவில்லை, இரண்டையும் கொஞ்சம் செய்தேன்.

[இங்கே அப்பா ஒரு நீண்ட வசனம் பேசுவதாக எழுதி அடித்துவிட்டேன். அவர் அப்படியெல்லாம் பேசுகிறவர் இல்லை.]

முழங்காலைப் பிடித்துக்கொண்டு அவள் முன்னால் உட்கார்ந்தார்.

"உங்க தாத்தா எப்படி இருப்பாரு?"

"மீசை இருக்கும்."

"பெருசா?"

"பெருசு."

"சரி வா. நானும் தேடுறேன்."

கையை நீட்டினார். அவள் பிடித்துக்கொண்டாள்.

6

அந்த விடுமுறை முழுக்க இருவரும் தேடினார்கள். கட்டிலுக்கடியில், துணி துவைக்கும் மெஷினுக்குள், காய வைத்த போர்வைக்குப் பின்னால். மேல்வீட்டுத் தையல்காரரிடம் போய்ச் சின்னவள், "எங்க தாத்தாவப் பாத்தீங்களா?" என்று கேட்டாள். அவர் அப்பாவைப் பார்த்தார். அப்பா கண்ணைச் சிமிட்டினார். "இந்தப் பக்கம் வரலையே பாப்பா" என்றார் தையல்காரர்.

அப்பாவை அவள் அங்கிள் என்று கூப்பிட்டாள். "அங்கிள், தாத்தாவுக்கு பிஸ்கட் ரொம்பப் பிடிக்கும். தாத்தா திட்டவே மாட்டாரு." தன்னைப் பற்றிய இந்தச் செய்திகளை அப்பா தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். அவர் ஊட்டினால்தான் சாப்பிட்டாள், அவர் தோளில்தான் தூங்கினாள். பெரியவன் அவரைத் தாத்தா என்று கூப்பிட்டால் மட்டும் அவனை அடிக்கப் போனாள்.

ஒரு மத்தியானம் அவள் அவர் மடியில் தூங்கும்போது, "எடுத்துச் சொல்லிப் புரிய வைப்போம்பா" என்றேன்.

"இரும்மா. அவ வாயால ஒரு தடவ தாத்தான்னு கேக்கணும்னுதான் இருக்கு. ஆனா கண்டுபிடிச்சிட்டா தேட மாட்டா. தேடலன்னா இந்தக் கையப் பிடிப்பாளா?"

இந்தக் கதையை எழுதுவதே அந்தக் கேள்விக்காகத்தான்.

7

முடிவு அ: கிளம்பும் நாளில் அப்பாவின் மேலுதட்டில் நரைமுடி துளிர்க்கிறது. சின்னவள் விரலால் தடவிப் பார்த்து, "தாத்தா" என்று கட்டிக்கொள்கிறாள். [எல்லோருக்கும் பிடிக்கும். எனக்கும் பிடிக்கிறது. அதனால்தான் சந்தேகமாக இருக்கிறது.]

முடிவு ஆ: கார் நகர்கிறது. சின்னவள் கையசைத்து, "அங்கிள், தாத்தா வந்தா சொல்லுங்க" என்கிறாள். அப்பா தலையாட்டுகிறார், பிறகு— [கணவர் சிரித்தார். என்னால் தட்டச்ச முடியவில்லை.]

முடிவு இ, பெரியவன் சொன்னது: தாத்தாவே ஒரு ரோபோ. [பரிசீலனையில் இருக்கிறது.]

8

நடந்ததில் ஒரு காட்சி மட்டும் தருகிறேன். கடைசி நாள். தேடாத இடம் அந்த அடுக்குமாடிக் கட்டடத்தின் மொட்டைமாடியில் இருக்கும் லிஃப்ட் மெஷின் ரூம் ஒன்றுதான். வாழ்நாள் முழுக்க ஊராரைப் படியேறவிடாமல் காப்பாற்றிய என் அப்பா, லிஃப்ட் ரிப்பேர் என்று அவளிடம் வாய் கூசாமல் சொல்லிவிட்டுப் படியில் கூட்டிப்போகிறார். லிஃப்டுக்கு ஒரு கேடும் இல்லை. சின்னவள் அவர் கையைப் பிடித்தபடி ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து ஏறுகிறாள். அவர் அவளுக்காக நின்று நின்று போகிறார். திருப்பத்தில் ஜன்னல் வெளிச்சம் அவர் முகத்தில் விழுகிறது. அவள் நிமிர்ந்து பார்க்கிறாள்.

நான் இங்கேயே நிறுத்திக்கொள்கிறேன். அவள் என்ன சொல்கிறாள் என்பதை நீங்கள் எழுதுங்கள். தாத்தா என்றாலும் சரி, அங்கிள் என்றாலும் சரி. அந்தக் கை மட்டும் விடுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நான் எழுதிப் பார்த்த எல்லா முடிவிலும் அது விடுபட்டுவிடுகிறது.