மாட்டுக்கு வைத்த களி

ஆவடி ஃபேக்டரியில் வேலை கிடைத்து குவார்ட்டர்ஸுக்குக் குடி வந்ததிலிருந்து என் வீட்டுக்காரர் கன்னியப்பனுக்குக் கேழ்வரகுக் களி ஆகாது. அதாவது, நாலு பேர் பார்க்கும்போது ஆகாது. கதவைச் சாத்திவிட்டால் இரண்டு உருண்டை உள்ளே போகும், மூன்றாவதற்குக் கை நீளும்.

எனக்குக் களி கிளற யாரும் சொல்லித்தரவில்லை. முத்தாபுதுப்பேட்டையில் அம்மா விடிந்ததும் நடவுக்குப் போய்விடுவாள். கட்டி தட்டி, அடிப்பிடித்து, கையைச் சுட்டுக்கொண்டு நானாகக் கற்றுக்கொண்டது. நொய் வெந்ததும் மாவைக் குவியலாகக் கொட்டி, துடுப்பால் நடுவில் ஒரு குழி போட்டு, மூடி வைத்துக் காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டுக் கிளறினால் போச்சு. எனக்குப் பொறுமை உண்டென்றால் அந்த ஒரு இடத்தில்தான். பிறகு உருட்டி, கத்தரிக்காய் போட்ட கருவாட்டுக் குழம்பை ஊற்றினால் அதற்கு மேல் உசந்த சாப்பாடு உலகத்தில் கிடையாது. இல்லை என்கிறவர்கள் என்னோடு சண்டைக்கு வரலாம்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. சாயங்காலம் டீக்கு வருவதாகச் சொன்ன ஃபோர்மேன் பக்தவத்சலமும் அவர் சம்சாரம் பஞ்சவர்ணமும் மத்தியானமே வந்து நின்றார்கள். அப்போதுதான் உருட்டி வைத்திருந்தேன். இவர் ஓடிப்போய் சாம்பிராணி போட்டார். கருவாட்டுக்குப் பூசை போட்ட மாதிரி வீடு மணந்தது.

பஞ்சவர்ணம் சமையலறைக்குள் எட்டிப் பார்த்தார். "என்னம்மா அது, சட்டியில கருப்பா?"

நான் வாயைத் திறப்பதற்குள் இவர் முந்திக்கொண்டார். "அதுவா? பின்னால ஜமீலா ஊட்டு மாட்டுக்குங்க. புண்ணியத்துக்கு வெக்கிறா."

"மாட்டுக்கா இவ்வளவு அழகா உருட்டி வெச்சிருக்கே?" என்று அந்தம்மாள் சிரித்தார். கூடவே இவரும் சிரித்தார்.

பொய் சொன்னதைக்கூடப் பொறுத்திருப்பேன். அந்தச் சிரிப்பைத்தான் பொறுக்க முடியவில்லை. காலையிலிருந்து புகையில் வெந்தவள் நான். இது மனுஷன் தின்கிற சோறு என்று என் வீட்டிலேயே சொல்ல ஆளில்லை.

அவர்களுக்கு டீ போட்டுக் கொடுத்தேன். பிறகு தட்டில் இரண்டு உருண்டை எடுத்து, குழம்பை ஊற்றிக்கொண்டு, கூடத்தில் அவர்கள் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன்.

"கெங்கா, இன்னா பண்றே?" என்று இவர் பதறினார்.

"மாட்டுக்குப் பசி. அதான் வந்து குந்திகினு கீது."

பிட்டுத் தோய்த்து, மெல்லாமல் விழுங்கினேன். கண்ணில் தண்ணீர் வந்தது. காரம் என்று அவர்கள் நினைத்திருக்கலாம். ஃபோர்மேன் டீ டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். பஞ்சவர்ணம் சிரிக்கவில்லை. சீக்கிரமே கிளம்பிவிட்டார்கள்.

"மானத்த வாங்கிட்டியே" என்று இவர் கத்தினார். நான் தட்டைக் கழுவினேன். கோபம் எத்தனை நேரம் தாங்கும்? களிக்காகக் காலையிலிருந்து வயிற்றைக் காயப்போட்டவர். கொஞ்ச நேரத்தில் சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"எனுக்கு ரெண்டு வெச்சிகீறியா?"

வைத்திருந்தேன். சட்டியைத் தூக்கிக்கொண்டு அவரைத் தாண்டித் தெருவுக்கு நடந்தேன். "ஏ, அது என்னுதும்மே" என்று பின்னாலேயே வந்தார்.

"நீதான்யா மாட்டுக்குன்னே. உன் பேச்ச நான் பொய்யாக்கலாமா?"

கையால் உருட்டியதைக் கொடுக்க எனக்கும் மனசு வரவில்லை. கொடுத்தேன். இரண்டையும் தின்றுவிட்டு ஜமீலா வீட்டு மாடு என் உள்ளங்கையை நக்கியது. இவர் எச்சில் விழுங்கிக்கொண்டு நின்றார்.

மாடாவது கதவைச் சாத்திக்கொள்ளவில்லை. நடுத்தெருவில், எல்லோரும் பார்க்கத் தின்றது.