தலைகீழ்த் தும்பை

என் வீட்டுக்காரரிடம் ஒரு வேலையைக் கொடுத்தால் அதை முடித்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார். எப்படி முடிப்பார் என்பதை மட்டும் கேட்கக் கூடாது.

காப்பீட்டு அலுவலகத்தில் ஓராண்டு சம்பளமில்லா விடுப்பு போட்டுவிட்டு, நாட்டுச் செடிகளை வரைந்து, சட்டையில் குத்திக்கொள்ளும் வட்ட பேட்ஜ் செய்துகொண்டிருந்தேன். தும்பை, நெருஞ்சி, குப்பைமேனி என்று ஒருத்தரும் திரும்பிப் பார்க்காத செடிகள். படத்துக்கு அடியில் பொடி எழுத்தில் பெயர். திங்கட்கிழமையோடு விடுப்பு தீர்கிறது. புதிதாகத் திறக்கும் நாட்டுச் செடித் தோட்டத்துக்கு எங்கள் பேட்ஜ் பிடித்துவிட்டால் வருடம் முழுக்க ஆர்டர் உண்டு என்று அங்கே பொறுப்பில் இருக்கும் அம்மா சொல்லியிருந்தார். பிடிக்காவிட்டால் பழைய குருடி கதவைத் திறடி. அதே நாற்காலி, அதே மேலதிகாரி.

வரைவது நான். மெஷினில் வைத்து அழுத்துவது அவர். ஒவ்வொன்றையும் தன் சட்டையில் குத்திப் பார்த்துவிட்டுத்தான் டப்பாவில் போட்டார். என்ன பொறுப்பு என்று நானும் பூரித்துப்போனேன்.

திறப்பு விழா அன்று பாத்திக்கு ஒரு வழிகாட்டி நின்றார். அந்தப் பாத்திச் செடியின் பேட்ஜ் அவரவர் நெஞ்சில். வேர் வானத்தில், பூ பாதாளத்தில்! எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"ஏங்க, எல்லாம் தலைகீழா இருக்குங்க!"

அவர் தன் சட்டையில் இருந்த தும்பையைக் குனிந்து பார்த்தார். "நேராத்தானே இருக்கு?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. மனுஷன் இப்படியே குனிந்து குனிந்துதான் அத்தனையையும் சோதித்திருக்கிறார்.

"உங்களுக்கு நேரா இருந்தா ஆச்சா? எதிர்ல நிக்கறவங்க என்ன, தலைகீழா நின்னா பாப்பாங்க?"

"ஒவ்வொன்னையும் குத்திப் பாத்தேனே..."

"கிழிச்சீங்க!"

ஒரு பெண்ணின் பேட்ஜை வாங்கித் திருப்பிக் குத்திப் பார்த்தேன். மேல்பக்கம் இருக்க வேண்டிய ஊக்கு கீழே போய்விட்டதால் அது முகம் குப்புறத் தொங்கியது. அதற்குள் கூட்டம் உள்ளே வந்துவிட்டது. பொறுப்பாளர் அம்மா கண்ணில் படாமல் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் நின்றேன். தேடிப் பிடித்துவிட்டார்.

"இத அடிச்சது யாரு?"

சட்டென்று என் வீட்டுக்காரரைக் காட்டினேன். கல்யாணமான நாளிலிருந்து அவ்வளவு வேகமாக நான் அவரைக் காட்டிக்கொடுத்ததில்லை. அந்த அம்மா அவர் பக்கம் திரும்பினார்.

"ஒத்திகைல இந்தப் பிள்ளைங்க எந்தச் செடியக் கேட்டாலும் 'இது ஒரு மூலிகை'ன்னு சமாளிச்சாங்க சார். இன்னைக்கு ஒருத்தர் பாக்கியில்லாம பேர் சொல்றாங்க. என்னடான்னு பாத்தா, குனிஞ்சு படிக்கறாங்க! வர்றவங்களும் ஏன் தலைகீழா இருக்குன்னு கேட்டு நின்னுடறாங்க. இல்லன்னா குப்பைமேனிய யாரு நின்னு பாப்பாங்க? வருஷம் முழுக்க இப்படியே வேணும். மறந்துபோய் நேரா அடிச்சுடாதீங்க."

வீடு வரும் வரை அவரைப் பிடிக்க முடியவில்லை. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவருக்கும் பேட்ஜைக் காட்டினார். "கிழிச்சீங்கன்னு சொன்னியே?" என்று இறங்குவதற்குள் நாலு தடவை கேட்டார். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

திங்கட்கிழமை காலை அலுவலகத்துக்கு ராஜினாமா அனுப்பிவிட்டு வரையும் மேஜையில் உட்கார்ந்தேன். அவர் மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தார். சட்டையில் ஒரு புதுத் தும்பை. நேராக இருந்தது.

"ஐயையோ, இது நேரா வந்துடுச்சே! ஆர்டரக் கெடுத்துடாதீங்க!"

"இது ஆர்டர் இல்ல" என்றார், துடைப்பதை நிறுத்தாமல். "மத்தவங்க அவங்களே பாக்கறதுக்குக் குத்திக்கறாங்க. இது நீ பாக்க."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. இந்த மனுஷனைப் போயா அத்தனை பேர் நடுவில் அப்படிக் கத்தினேன்! ஏதாவது சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் சந்தேகத்தோடு தன் சட்டையைக் குனிந்து பார்த்தார்.

"ஏம்மா, இது தலைகீழால்ல இருக்கு?"

"குனியாதீங்க" என்றேன். "நான் பாத்துக்கறேன்."