ஏலக்காரரின் காது

என் வீட்டுக்காரருக்கு ஒரு பழக்கம். எங்கேயாவது ஒரு நிரூபணம் தப்பாகப் போனால் கை தானாக இடது காதுக்குப் போய்விடும். மடலைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருப்பார். அது அவருக்கே தெரியாது. ஆய்வு மாணவர்களாக இருந்த காலத்திலிருந்தே கவனித்து வருகிறேன், சொன்னதில்லை. சில விஷயங்களைக் கட்டியவள் மட்டும் தெரிந்து வைத்திருந்தால்தான் உபயோகம்.

இரண்டு பேரும் கணிதத் துறை. அவர் ஏலக் கோட்பாடு. நான் தற்செயல் கோட்டுருக்கள். அதாவது, நிறையப் புள்ளிகளை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ஜோடிக்கும் பூவா தலையா போட்டு, பூ விழுந்தால் கோடு போடுவது. அந்த வலையில் என்னென்ன உருவங்கள் தானாக வந்து விழும் என்று கணக்குப் போடுவதுதான் என் பிழைப்பு. இரண்டு பேருக்கும் தற்காலிக வேலை. இந்த வருடத்தோடு முடிகிறது. துறையில் நிரந்தர இடம் ஒன்றே ஒன்று. இரண்டு பேரும் விண்ணப்பித்தோம். ஒரே மதியம், ஒரே அறை, முதலில் என் உரை, பிறகு அவருடையது. "யாருக்குக் கிடைச்சா என்ன, ஒரே வீடுதானே" என்றார் மாமியார் போனில். அவருக்கென்ன, சொல்லிவிட்டுப் போவார்.

காலையில் சாப்பிடும்போதே கறாராகப் பேசிவிட்டேன்.

"என் பேச்சுல நீங்க வாயத் திறக்கக் கூடாது. உங்க பேச்சுல நான் திறக்க மாட்டேன்."

"நீயா? பார்ப்போம், பார்ப்போம்" என்றார்.

உரை நன்றாகத்தான் போனது. துறைத்தலைவர் வழக்கம்போல் முன்வரிசையில் கண்ணை மூடிவிட்டார். பக்கத்தில் தேர்வுக்குழுவின் ஆமாஞ்சாமி, நான் சாக்பீஸை எடுத்தாலும் தலையாட்டினார், வைத்தாலும் தலையாட்டினார். முக்கோணங்களை எண்ணும் இடம் வந்தது. எழுதிவிட்டுத் திரும்பினேன். பின்வரிசையில் என் வீட்டுக்காரர் காதைப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

எங்கே தப்பு என்று தெரியவில்லை. தப்பு இருக்கிறது என்று மட்டும் தெரிந்தது. அப்படியே ஓட்டியிருக்கலாம், ஈ காக்கைக்குக்கூடத் தெரிந்திருக்காது. ஆனால் கை மேலே எழுத மறுத்தது. எழுதியதை முதலிலிருந்து படித்தேன். கிடைத்தது. இரண்டு முக்கோணங்கள் ஒரு கோட்டைப் பங்குபோட்டுக்கொண்டால் ஒன்றின் வாய்ப்பு மற்றதையும் பாதிக்கும். நானோ இரண்டையும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவை போலப் பெருக்கி வைத்திருந்தேன். முதல் வருடப் பிள்ளைகள் செய்கிற தப்பு! மானமே போயிற்று.

"இந்த வரி தப்பு. இதுக்குக் கீழ எழுதினது எதுவும் நிக்காது" என்று சொல்லி அழித்தேன். துறைத்தலைவர் கண் விழித்தார். ஆமாஞ்சாமி அதற்கும் தலையாட்டினார்.

அடுத்து அவர் பேச வந்தார். மூடிய உறை ஏலம். அதிக விலை எழுதியவருக்குப் பொருள். ஆனால் அவர் கொடுப்பது இரண்டாமவர் எழுதிய விலையைத்தான். இப்படி நடத்தினால் மனதில் உள்ளதை அப்படியே எழுதுவதுதான் எல்லோருக்கும் நல்லது, பொய் எழுதிப் பிரயோஜனமில்லை. அழகான நிரூபணம். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அப்போதுதான் முந்தின நாள் ஞாபகம் வந்தது. சமையலறையில் ஃபிரிட்ஜ் கதவில் எழுதி எழுதி அவரிடம் ஒத்திகை பார்த்தேன். அதே முக்கோணம், அதே வரி. முடித்துவிட்டுத் திரும்பியபோது அவர் இடது காது சிவந்திருந்தது. என்ன என்று கேட்டதற்குக் கொசு என்றார். "பேச்சு பிரமாதம்" என்றார்.

கையைத் தூக்கினேன்.

"ஏலம் கேக்குற ரெண்டு பேரும் ஒரே வீட்டுல இருந்தா? ஒருத்தர் உறையில இருக்குற தப்பு இன்னொருத்தருக்கு முதல் நாளே தெரிஞ்சிருந்தா? அப்பவும் உண்மையச் சொல்றதுதான் நல்லதா?"

அறையில் யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. நல்ல கேள்வி என்று ஆமாஞ்சாமி முணுமுணுத்தார். என் வீட்டுக்காரரின் கை மெல்லக் காதுக்குப் போனது.

"இல்ல" என்றார். "அந்த வீட்டுல என் தேற்றம் நிக்காது. தெரிஞ்சவர் சொல்லாம இருந்துடுவார். அவருக்கும் அந்தப் பொருள் மேல ஆசை இருந்திருக்கும்."

வேலை அவருக்குத்தான் கிடைத்தது. நான் நிரூபணத்தைச் சரிசெய்துவிட்டேன்; அடுத்த மாதம் வேறொரு பல்கலைக்கழகத்தில் பேச வேண்டும். நேற்று சமையலறையில் ஒத்திகைக்கு நின்றபோது, கூப்பிடாமலே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சொல்லு, கேக்குறேன்."

"வேண்டாம். ஃபிரிட்ஜ் கேட்டா போதும்" என்றேன்.

எழுந்து போனார். நான் கதவைப் பார்த்துப் பேசிக்கொண்டே எழுதினேன். முக்கோணங்கள் வந்த இடத்தில் பழக்கதோஷம், திரும்பிப் பார்த்தேன். நாற்காலி காலியாக இருந்தது.