சீருடையில் ஊற்றிய மஞ்சள் தண்ணீர்

என் பெரிய அண்ணன் நயினாரை நினைத்தாலே எனக்குக் குமட்டுகிறது.

சின்ன அண்ணன் லிங்கராஜ் பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவன். ஆறுமுகநேரியில் உப்பளத்து விக்டரோடு குடும்பமாக வாழ்ந்தான். இரண்டு ஆம்பிளைகள் ஒரே வீட்டில் புருஷன் பெண்டாட்டி மாதிரி இருப்பதா என்று நயினார் அவனை எங்கள் ஊர் கொற்கைப் பக்கமே அண்டவிடவில்லை. லிங்கராஜ் செத்ததும் உடம்பை மட்டும் தூக்கி வந்து எரித்தான். விக்டரைச் சுடுகாட்டு வாசலோடு விரட்டினான்.

கருமாதி முடிந்ததும் அவனுக்குத் தம்பிப் பாசம் பொங்கியது. மகளுக்கு வரன் பார்க்கிறான். மிலிட்டரிக் குடும்பம் என்று காட்ட, நடுவீட்டில் கண்ணாடிப் பெட்டி வைத்துத் தம்பியின் சீருடையை மாட்ட வேண்டுமாம். வெட்கங்கெட்டவன், என்னையும் இழுத்துக்கொண்டு ஆறுமுகநேரிக்குப் போனான்.

விக்டர் மறுக்கவில்லை. பீரோவிலிருந்து எடுத்துத் தந்தார். உப்புக் காற்றில் ஜன்னல் கம்பியே உதிர்கிற ஊர். அங்கே பித்தளைப் பொத்தான்கள் பளபளத்தன. மடிப்புக்குள் வேப்பிலை வைத்திருந்தார்.

"மாசம் ஒருக்கா நெழல்ல காத்தாட போடுங்க" என்றார்.

நயினார் அங்கிருந்த ஒற்றைக் கட்டிலைப் பார்த்துவிட்டு வாசலில் காறித் துப்பினான்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு செம்பு மஞ்சள் தண்ணீரைச் சீருடைமேல் ஊற்றினான்.

"அந்தப் பய கை பட்டது. தீட்டு கழியாம உள்ள கொண்டுபோவக் கூடாதுளா."

பச்சைத் துணியில் திட்டுத் திட்டாக மஞ்சள் பிடித்தது. பதக்க ரிப்பன்களின் சாயம் நெஞ்சில் வழிந்தது. நயினார் முழித்தான்.

"ஏளா பேச்சி, எப்படியாவது வெளுத்துத் தா. வெள்ளிக்கிழம மாப்பிள வீட்டுக்காரங்க வாராங்க."

சீ என்று வந்தது. வாங்கிக்கொண்டேன். ஆறுமுகநேரிக்குப் போகிற வழியில் கடையில் ஒரு புது வேட்டியும் எடுத்தேன்.

விக்டர் கறையைத் தடவிப் பார்த்தார். ஏன் என்று கேட்கவில்லை.

"அலசித் தாரேன் தங்கச்சி. எப்பம் திருப்பி வேணும்?"

இந்த மனுஷன் தொட்டதையா என் அண்ணன் தீட்டு என்றான்!

"திருப்பி வேண்டாம். இங்கனயே இருக்கட்டும்" என்றேன்.

துணையைப் பறிகொடுத்தவருக்குப் பிறந்த வீட்டார் கோடி என்று புதுத்துணி போர்த்துவது எங்கள் பக்கத்து முறை. விக்டரை அவர் வீட்டாரும் என்றோ தலைமுழுகிவிட்டார்கள்.

வேட்டியை உதறி விரித்தேன்.

"ஒங்களுக்குக் கோடி போட ஒருத்தரும் வரலல்லா அண்ணே. பொறந்த வீட்டு ஆளா நான் வந்திருக்கேன். குனிங்க."

சீருடையை நெஞ்சோடு பிடித்தபடி விக்டர் குனிந்தார்.