குறுக்கே வராத நாய்

1

இந்தக் கதை நெடுநாளாக எனக்குள் ஊறிக்கொண்டிருந்தது என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மையில் இது ஆஸ்பத்திரி வார்டில், நோயாளியின் கால்மாட்டில் ஒண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது ஓசியில் கிடைத்தது. எனக்கு வழக்கமாக முடி வெட்டுபவர் மோட்டார் சைக்கிளோடு விழுந்து காலை முறித்துக்கொண்டார். பின்னால் உட்கார்ந்திருந்த அவர் மனைவி தையல்காரி. அவளுக்கு வலது மணிக்கட்டு போயிற்று. நின்று பிழைப்பவருக்குக் கால், தைத்துப் பிழைப்பவளுக்குக் கை. விபத்து ஆள் பார்த்துத்தான் வேலை செய்கிறது.

"எப்படிண்ணே ஆச்சு?" என்று கேட்டேன்.

"நாய் குறுக்க வந்துடுச்சுப்பா" என்றார்.

பக்கத்தில் இருந்த மனைவி ஜன்னலைப் பார்த்தாள். அந்தப் பார்வையில்தான் கதை இருக்கிறது என்று எனக்குப் பட்டது.

2

முதல் தொடக்கம்: மாலை மயங்கும் நேரம். ஆளில்லாத சாலையில் ஒரு நாய்—

[வேண்டாம். தலைப்பைப் படித்தவர்கள் சிரிப்பார்கள்.]

இரண்டாம் தொடக்கம்: விதி என்பது—

[இப்படி ஆரம்பிக்கும் வாக்கியத்தை முடிக்கிறவரைச் சும்மா விடக்கூடாது.]

சரி, நடந்ததையே சொல்லிவிடுகிறேன். அவர் கடைக்கு அடுத்த தெருவில் புதிதாக ஒரு சலூன் திறந்திருந்தார்கள். கண்ணாடிக் கதவு, ஏசி, ராஜா உட்காருகிற மாதிரி நாற்காலிகள். அதைத் தாண்டும்போதெல்லாம் உள்ளே எத்தனை தலை உட்கார்ந்திருக்கிறது என்று எண்ணாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. அன்றும் எண்ணினார். தெரு வளைந்தது, வண்டி வளையவில்லை. கம்பத்தில் மோதுவதற்கு முன்னால் அவர் தலை அந்தப் பக்கம் திரும்பியதை மனைவி பின்னாலிருந்து பார்த்தாள். நாய் எதுவும் வரவில்லை.

3

அதன் பிறகு ஆட்கள் பார்க்க வந்தார்கள், நாய் வளர்ந்தது. எனக்குச் சொன்னபோது அது வெறும் நாய். அவர் அக்கா வந்தபோது பழுப்பு நிறமானது. மளிகைக்கடைக்காரர் வந்த அன்று கன்றுக்குட்டி அளவுக்கு வந்து பல்லைக் காட்டியது, ஒரு காது கிழிந்தும் இருந்தது.*

(* இவ்வளவு காலம் எழுதுகிறேன். என் பாத்திரம் எதற்கும் கிழிந்த காது வைக்க எனக்குத் தோன்றியதில்லை. வயிறு எரிகிறது.)

ஒவ்வொரு தடவையும் "ஆமாங்க" என்று அவள் தலையாட்டினாள். இங்கேதான் எனக்கு அவள்மேல் சந்தேகம் வந்தது. பொறுமையின் சிகரமாக அவளை எழுதிவிடலாம் என்று பார்த்தேன். அவள் அப்படிப்பட்ட ஆளே இல்லை. வீட்டுக்கு வந்ததும் ஒரு மத்தியானம், யாரும் இல்லாதபோது கேட்டுவிட்டாள்.

"ஊருக்கு என்ன வேணா சொல்லுங்க. என்கிட்டயாவது உள்ளதைச் சொல்லலாம்ல?"

"என்னத்தை?"

"என்ன ஆச்சுன்னு."

"அதான் சொன்னேனே. நாய்..."

அவள் எழுந்து போய்விட்டாள். 'என்னாலதான்' என்ற ஒரு சொல் போதும் அவளுக்கு. கத்தரி பிடிக்க முடியாத கையைவிட, அந்தச் சொல் வராததுதான் அவளை அதிகம் நோகடித்தது.

4

மளிகைக்கடைக்காரர் காரியவாதி. கதை கேட்டோமா, போனோமா என்று இருக்கத் தெரியாது. பழுப்பு நிறம், கிழிந்த காது என்ற அடையாளங்களோடு தேடிக் கிளம்பி, பிடித்தும் வந்துவிட்டார். அது அவளுடைய தையல் மெஷினுக்கு அடியில் தூங்குகிற நாய். தினமும் அவள் பிஸ்கெட்டில் பாதி அதற்கு. கதை சொல்கிறவர்கள் காதைக் காற்றிலிருந்தா எடுப்பார்கள்? கண்ணெதிரே படுத்திருப்பதிடமிருந்துதான் எடுப்பார்கள். அளவு மட்டும் கொஞ்சம் உதைத்தது. வெயிலில் இளைத்திருக்கும் என்று மளிகைக்கடைக்காரர் தீர்மானித்தார்.

அதை அவர்கள் வீட்டு வாசல் கேட்டில் கட்டிப்போட்டுவிட்டு, "நகராட்சி வேனுக்குச் சொல்லிட்டேண்ணே. பிடிச்சிட்டுப் போனா திரும்பி வராது" என்றார்.

5

அந்த நேரம் பார்த்து ஆப்பிள் பையோடு உள்ளே வந்தவர், புது சலூன்காரர். [நான்தான் வரவழைத்தேன். அவர் இல்லாவிட்டால் உண்மை சொல்வது ரொம்பச் சுலபமாகிவிடும்.] "உடம்பு எப்படிண்ணே இருக்கு?" என்று கேட்டார். மரியாதையான பையன். அதனால் நம்மவருக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

வாசலில் வேன் வந்து நின்றது.

"ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணே. இதுதானே?" என்றார் மளிகைக்கடைக்காரர்.

முடிவு அ: அவர் உண்மையைச் சொல்கிறார். சலூன்காரர்கள் இருவரும் கட்டிப்பிடித்து அழுகிறார்கள். [எழுதிப் பார்த்தேன். எனக்கே கூச்சமாக இருந்தது.]

முடிவு ஆ: "ஆமா" என்கிறார். நாய் போகிறது. [கனமான முடிவு. பரிசுகூடக் கிடைக்கலாம், நாய்க்கு அல்ல.]

முடிவு இ: அவள் போட்டு உடைக்கிறாள். [இதைத்தான் விரும்பினேன். அவள் சம்மதிக்கவில்லை. "நான் சொல்லிட்டா அவர் கடைசிவரைக்கும் சொல்லவே மாட்டார். நீங்க சும்மா இருங்க" என்று என்னை அடக்கிவிட்டாள்.]

அவள் வாசலுக்குப் போனாள். இடது கையால் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள். முடியவில்லை. கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு நாய்க்குப் பக்கத்திலேயே, தரையில் உட்கார்ந்துவிட்டாள். நாய் அவள் வலது கையிலிருந்த மாவுக்கட்டை முகர்ந்து பார்த்தது. அவள் கண்ணீரைத் துடைக்கவில்லை, துடைக்கக் கை இல்லை.

"இதுதான்னா சொல்லிடுங்க. கயித்தை விட்டுடறேன்" என்றாள், உள்ளே பார்த்து.

அவர் ஆப்பிள் பையைப் பார்த்தார். அந்தப் பையனைப் பார்த்தார். கடைசியாக, விழுந்த நாளிலிருந்து முதல் தடவையாக, அவள் கையைப் பார்த்தார்.

"அது வந்து..." என்று ஆரம்பித்தார்.

நான் இதோடு நிறுத்திக்கொள்கிறேன். நீங்களும் எப்போதாவது விழுந்துவிட்டு, எதுவோ குறுக்கே வந்தது என்று சொல்லியிருப்பீர்கள். அவர் அடுத்து என்ன சொல்வார் என்று என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் யோசித்துக்கொண்டே நிற்காதீர்கள். வேன்காரர் இறங்கிவிட்டார், அவள் ஒற்றைக் கையால்தான் கயிற்றைப் பிடித்திருக்கிறாள்.